டாக்டரம்மா பதில்கள்: வீக்கம் வடிந்தால் நரம்பு முளைக்குமா?

மரத்திலிருந்து விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும் என்று போன இதழில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தூக்கி முடித்து மாதக்கணக்காகிவிட்ட வீடுகளிலிருந்து. ஆகவே இந்த முறை முழுக்கத் தண்டுவடம்தான். மூட்டுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரிவாள்மனையில் என் விரல் நரம்பு வெட்டுப்பட்டுத் தையல் போட்டார்கள். நாலு மாதத்தில் விரல் நுனியில் உணர்ச்சி வந்துவிட்டது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பைக்கில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியும் கால் அசையவில்லை. இரண்டும் நரம்புதானே?
பிளஸ் டூ மாணவி, கோவில்பட்டி

பதில்: இரண்டும் நரம்புதான், இருக்கிற இடம்தான் வேறு. உன் விரலில் வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நரம்பிழை முதலில் செத்துச் சிதைந்தது. இப்படித்தான் நடக்கும் என்று 1850இலேயே அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். சிதைந்த குப்பையை மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவு செல்கள் சில வாரத்தில் தின்று தீர்த்தன. நரம்பிழையைச் சுற்றிக் காக்கும் ஷ்வான் செல்கள் வரிசை பிடித்து நின்று வாய்க்கால் வெட்டிக் கொடுத்தன. அதன் வழியே புது இழை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது. உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒன்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். தொண்ணூறு நாள். தையல் பிடித்து இழை கிளம்ப ஒரு மாதம் சேர்த்துக்கொள். உன் நாலு மாதக் கணக்கு சரியாக வருகிறது.

தண்டுவடத்துக்குள்ளும் துப்புரவு நடக்கிறது, ஆனால் நம்மூர்க் குப்பை லாரி வருகிற லட்சணத்தில் நடக்கிறது. நரம்பிழைக்கு மேலே சுற்றியிருந்த மயலின் உறையின் சிதைவு அங்கே வருடக்கணக்கில் கிடக்கும். இழையை ‘வளராதே’ என்று தடுக்கும் பொருள் அந்த உறையிலேயே இருக்கிறது என்று 1988இல் சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1981இல், மான்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இருவர் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டெடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே வெளிப்பக்கமாகப் பாலம் போட்டார்கள். வளரவே வளராது என்று எல்லோரும் நினைத்திருந்த இழை அந்தப் பாலத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர் போனது. பாலத்தைத் தாண்டி மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. இழைக்கு வளரும் குணம் இருக்கிறது, அக்கம்பக்கம்தான் விடவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. (முழுக்கதை இதைவிடச் சிக்கல். வயது ஏறிய நரம்பணு தானும் கொஞ்சம் சோம்பிப் போகிறது. அதை நீ மருத்துவம் சேர்ந்து படித்துக்கொள்.)

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பனையேறி. பங்குனி மாசம் பாளை சீவப் போனவர் மட்டை முறிந்து விழுந்துவிட்டார். முதுகில் பன்னிரண்டாவது எலும்பு நொறுங்கி, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு காலிலும் அசைவு இல்லை. ‘தண்டுவடத்தில் வீக்கம் இருக்கிறது, வடிந்தால் நரம்பு வேலை செய்யும்’ என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். வீக்கம் வடிய என்ன மருந்து கொடுக்கலாம்? மலம் கழுவிவிடும்போது அந்த இடத்தில் தொடுவது லேசாகத் தெரிகிறது என்கிறார். மாமியார் நம்பவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவில் புண் இருக்கிறது, மருந்து வைத்துக் கட்டுகிறோம்.
வாசகி, உடன்குடி

பதில்: தங்கச்சி, கடைசி வரியில் எழுதியதை நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

அந்த டாக்டர் சொன்னது முதல் சில வாரங்களுக்கு உண்மை. தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வடம், எலும்புக் குழாய்க்குள் இருக்கிறது. அடிபட்டு நீர் கோத்தால் விரிய இடமில்லை. தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். அதனால்தான் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எலும்பை விலக்கி நெருக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறோம். அதோடு, அடிபட்ட அதிர்ச்சியில் அடிபடாத பாகமும் சில நாளோ சில வாரமோ ஊமையாகிக் கிடக்கும். அது தெளியும்போது கொஞ்சம் அசைவு வருவதுண்டு. அதைத்தான் டாக்டர்கள் சுருக்கமாக ‘வீக்கம் வடியட்டும்’ என்கிறோம். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாம் மாதத்தில் அந்த நீர் எப்போதோ வற்றிப் போயிருக்கும்.

வற்றாமல் இருப்பது அழற்சி. அது வேறு. அடிபட்ட சில நிமிடத்திலேயே தண்டுவடத்துக்குள் குடியிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் விழித்துக்கொள்கின்றன. முதல் நாளே ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்கிற வெள்ளணுக்கள் பாய்கின்றன. மூன்றாம் நாளிலிருந்து மேக்ரோஃபேஜ்கள் வந்து, ஒரு வாரத்தில் கூட்டமாகச் சேர்கின்றன. கையில் பட்ட காயமென்றால் வேலை முடிந்ததும் இவை கலைந்துவிடும். தண்டுவடத்தில் மாதக்கணக்கில் கலைவதில்லை. செத்த செல்லைத் தின்ன வந்தவை கக்கும் நஞ்சில், பக்கத்தில் பிழைத்திருந்த இழையும் கெடுகிறது. விழுந்த அடியில் செத்தது ஒரு பங்கு, பின்னால் இந்தக் கலவரத்தில் சாவது இன்னொரு பங்கு.

‘அப்படியானால் அழற்சியை அடியோடு நிறுத்திவிடலாமே’ என்று உனக்குத் தோன்றும். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தோன்றியது. இங்கேதான் வேடிக்கை. 1998இல் இஸ்ரேலில் மிகல் ஷ்வார்ட்ஸ் குழுவினர், தண்டுவடம் வெட்டுப்பட்ட எலிகளுக்கு வெளியிலிருந்து மேக்ரோஃபேஜ்களைப் பக்குவப்படுத்திச் செலுத்தினார்கள். சில எலிகளுக்குக் கால் ஓரளவு திரும்பியது. மறு வருடமே அமெரிக்காவில் ஒஹாயோவில் ஃபிலிப் போபோவிச் குழுவினர் அதே செல்களைக் குறைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் எலி தேறியது! ஒருவர் சேர்த்து நன்மை கண்டார், இன்னொருவர் கழித்து நன்மை கண்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே செல் ஒரு நேரத்தில் குப்பை அள்ளுகிறது, இன்னொரு நேரத்தில் வீட்டைக் கொளுத்துகிறது. எந்த நாளில், எந்தக் குணத்தோடு வருகிறது என்பதில்தான் விஷயம். மனிதர்களுக்கு மேக்ரோஃபேஜ் செலுத்திய சோதனையின் முடிவு 2012இல் வந்தது. பலன் இல்லை.

தழும்பும் அப்படித்தான். நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் காயத்தைச் சுற்றி எழுப்பும் சுவர் நரம்பைத் தடுக்கிறது என்று நாங்கள் படித்தோம், மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். எலியில் அந்தச் சுவரை எழும்பவிடாமல் செய்து பார்த்தபோது அழற்சி பரவி நிலைமை மோசமானது. இழையும் வளரவில்லை என்று 2016இல் காட்டினார்கள். வயலில் தீப்பிடித்தால் சுற்றி மண் அணைக்கிறோமே, அந்த வேலையையும் அது செய்துகொண்டிருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அதை வில்லன் என்று பாடம் நடத்திய எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகவே, ஐந்தாம் மாதத்தில் தண்டுவட அழற்சிக்கென்று நான் எழுதித் தரக்கூடிய மாத்திரை எதுவும் இல்லை. யாராவது எழுதித் தந்தால் அது வலிக்கா, இறுக்கத்துக்கா, எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்கு.

மாமியாரிடம் சொல்: மகன் சொல்வதை நம்பலாம். ஆசனவாய்ப் பக்கத்து உணர்ச்சி தண்டுவடத்தின் கடைசிக் கண்ணியிலிருந்து, அதாவது அடிநுனித் துண்டிலிருந்து வருவது. அங்கே தொடுவது உண்மையிலேயே தெரிகிறதென்றால், அடிபட்ட இடத்தைத் தாண்டிச் சில இழைகளாவது பிழைத்திருக்கின்றன. காயத்தின் கடுமையை ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறோம். ஏ என்றால் அந்தக் கடைசிக் கண்ணியில் உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. பி என்றால் அசைவு இல்லை, உணர்ச்சி கொஞ்சம் உண்டு. உன் வீட்டுக்காரர் பி-யாக இருக்கலாம். டாக்டர் கையுறை போட்டு அந்த இடத்தை ஊசிமுனையாலும் பஞ்சாலும் சோதித்துத்தான் உறுதி சொல்ல முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எழுத்து இருக்கிறதா பார். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கு. இன்னொன்று. பன்னிரண்டாவது எலும்புக்குச் சற்றுக் கீழேயே தண்டுவடம் முடிந்து, நரம்பு வேர்கள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. அந்த வேர்கள் கோவில்பட்டிப் பெண்ணின் விரல் நரம்பைச் சேர்ந்த சாதி. அடி அவற்றிலும் பட்டிருந்தால் தொடையில் மெதுவாக ஏதாவது திரும்பலாம். மீட்சியில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், பிறகு வேகம் குறையும். ஒன்றரை வருஷம் வரைகூடச் சிலருக்குச் சிறு மாற்றம் வருகிறது. நடந்துவிடுவார் என்று நான் எழுத மாட்டேன். இனி ஒன்றுமே வராது என்றும் எழுத மாட்டேன்.

இப்போது புண். ஒரு ரூபாய் அளவு என்பது அதன் வாய்தான். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குக் குடைந்திருக்கலாம். எலும்பைத் தொட்டிருந்தால் உடம்பு முழுக்க அழற்சி ஓடும். ரத்தம் குறையும், பசி போகும், கால் இறுக்கம் கூடும். அடிபட்ட ஆரம்ப நாளில் நிமோனியாவோ காயத்தில் சீழோ பிடித்தவர்களுக்கு நரம்பு மீட்சி குறைவு என்பது பெரிய பதிவேடுகளை அலசியதில் தெரிந்திருக்கிறது. தண்டுவடத்துக்குள் இருக்கும் அழற்சி உன் கையில் இல்லை. இது உன் கையில் இருக்கிறது. இந்த வாரமே ஒரு சர்ஜனிடம் காட்டு. அதுவரை அந்த இடத்தின் மேல் எடையே விழக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று, ராத்திரியும்தான். தண்ணீர் மெத்தை வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தாதே. டயர் ட்யூப், வளையத் தலையணை வேண்டவே வேண்டாம், விளிம்பில் ரத்த ஓட்டம் அறுந்து புண் பெரிதாகும். சீழ் வடிவதில் உடம்பின் புரதமும் வடிகிறது. உங்கள் கடற்கரையில் சாளைக்குப் பஞ்சமா? தினம் மீன், முட்டை இரண்டு, பருப்பு.

1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றபோது, தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு வளர்க்கும் மருந்து ஒன்றுகூட அவரிடம் இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வைத்தார், ராத்திரி தானே வந்து மேற்பார்த்தார். நாலு வருஷத்தில் அதே மாதிரி ஆட்களை வில்லும் அம்பும் கொடுத்துப் போட்டிக்கு இறக்கினார். பாராலிம்பிக்ஸ் அங்கே தொடங்கியதுதான்.

உனக்குப் பக்கம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில். அதை உருவாக்கிய மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். ஆறாவது மாதம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அவரைக் கூட்டிப் போ.

கேள்வி: என் தம்பி லாரி மோதிக் கழுத்தில் அடிபட்டவன். அன்றைக்கே பெரிய டோஸ் ஸ்டீராய்டு போட்டிருந்தால் நரம்பு பிழைத்திருக்கும், போடாமல் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் எங்கள் மெடிக்கல் ஷாப்காரர். வழக்குப் போடலாமா?
வாசகர், ஓசூர்

பதில்: போடாதீர்கள். நான் மேல்படிப்பில் இருந்தபோதுதான் அந்த ஊசி புகழோடு வந்தது. 1990இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எட்டு மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்றது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் பதினைந்து நிமிடத்தில், முக்கால் மணி இடைவெளி, பிறகு 23 மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 5.4. அறுபது கிலோ ஆளுக்கு 1,800 மில்லிகிராம், பிறகு மணிக்கு 324. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன், அத்தனை பேருக்கு ஓடி ஓடிப் போட்டிருக்கிறேன். எட்டு மணி தாண்டக்கூடாது என்று வாசலிலேயே கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பின்னாளில் அந்த ஆய்வை ஆற அமரப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. எட்டு மணிக்குள் போட்டவர்களை மட்டும் தனியே பிரித்தபோதுதான் தெரிந்தது, அதுவும் சிறிது. பக்கவிளைவோ பெரிது: வயிற்றில் ரத்தக்கசிவு, நிமோனியா, காயத்தில் சீழ். தலைக்காயத்துக்கு இதே மருந்தைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2004இல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம், பெறாதவர்களில் 18. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் தண்டுவடக் காயத்துக்கு இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. 2017இல் வந்த இன்னொரு பன்னாட்டு வழிகாட்டி, எட்டு மணிக்குள் வந்தால் 24 மணி நேரம் கொடுப்பதை யோசிக்கலாம் என்கிறது. போடும் டாக்டரும் இருக்கிறார், போடாத டாக்டரும் இருக்கிறார். போடாதது குற்றம் அல்ல. நான் ஓடி ஓடிப் போட்டதில் எத்தனை பேருக்கு நன்மை செய்தேன், எத்தனை பேருக்கு நிமோனியா வரவழைத்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. வக்கீல் ஃபீஸ் பணத்தில் தம்பிக்கு ஒரு நல்ல சக்கர நாற்காலியும் மெத்தையும் வாங்குங்கள்.

கேள்வி: எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறேன். இப்போது கால் தானாக உதறுகிறது, முழங்கால் மடங்கிக்கொள்கிறது. உயிர் வருகிறது என்று வீட்டில் பொங்கல் வைத்துவிட்டார்கள். உண்மையா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: பொங்கலைச் சாப்பிடுங்கள். உதறல் மூளையின் கட்டளையால் வருவது அல்ல. மேலிருந்து வரும் கடிவாளம் அறுந்ததால் கீழ்த் தண்டுவடம் தானாகத் துள்ளுகிறது. நீங்கள் நினைத்தபோது கட்டைவிரல் அசைந்தால் அது மீட்சி, நினைக்காதபோது அசைந்தால் இறுக்கம். தினம் நீட்டி மடக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: உதறல் திடீரென்று இரண்டு மடங்கானால், சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், புண், இறுகிய செருப்பு, உள்வளர்ந்த நகம் என்று வரிசையாகத் தேடுங்கள். வலி தெரியாத உடம்பு காலை உதறித்தான் புகார் சொல்லும்.

கேள்வி: ஸ்டெம்செல் ஊசி மூன்று தடவை போட்டால் நரம்பு வளரும், அழற்சியும் அடங்கும் என்கிறார்கள். நாலரை லட்சம். வீட்டை அடகு வைக்கலாமா?
வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்புமஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம்செல் முறையெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. ‘சோதனை’ என்று சொல்லிப் பில் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூக்கிலிருந்து செல்லெடுத்துத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு வருஷம் கழித்து முதுகில் வலி. திறந்து பார்த்தால், அங்கே சளி சுரக்கும் ஒரு கட்டி. 2014இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. செல்லுக்கு இடம் மாறியது தெரியாது, மூக்கில் செய்த வேலையை முதுகிலும் செய்தது.

கேள்வி: மஞ்சள் பால் அழற்சியைக் குறைக்குமாமே?
வாசகர், ஈரோடு

பதில்: குடியுங்கள். ஈரோட்டுக்காரர் மஞ்சள் வேண்டாமென்றால் யார் கேட்பது? ஆனால் குடித்த மஞ்சளில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. தண்டுவடம் வரை அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: கழுத்துக் காயம் பட்ட என் அக்கா மகனுக்குச் சில நாள் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி. முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது, காலெல்லாம் ஜில்லென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. பயமாக இருக்கிறது.
வாசகி, காரைக்கால்

பதில்: பயப்பட வேண்டியதுதான். நெஞ்சில் ஆறாவது கண்ணிக்கு மேலே அடிபட்டவர்களுக்கு வருவது இது. கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, அவருக்குத் தெரியாது, உடம்பு ரத்த அழுத்தத்தை ஏற்றிக் கத்துகிறது. அவருக்கு அழுத்தத்தின் மேல் எண் சாதாரணமாக 90 அல்லது 100தான் இருக்கும், ஆகவே 140 என்று காட்டினாலே ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது மலம், பிறகு புண். சில நிமிடத்தில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதை ஒரு அட்டையில் எழுதி அவருடைய நாற்காலி முதுகில் ஒட்டுங்கள். டியூட்டியில் இருக்கும் சின்ன டாக்டருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

எனக்கே தெரியாமல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ராத்திரி, இதே மாதிரி ஒரு பையன். நான் அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டுக் கை பிசைந்துகொண்டு நின்றேன். வார்டு துப்புரவு செய்யும் அம்மா போர்வையை விலக்கி, ‘இங்க பாருங்க, டியூப் தொடைக்கு அடியில மாட்டிக்கிடக்கு’ என்றார். காலைத் தூக்கிக் குழாயை விடுவித்ததும் பையில் எழுநூறு மில்லி இறங்கியது. அந்தப் பையன் கண்ணைத் திறந்து, தலைவலி போயிடுச்சு என்றான்.